கலியாணக் காசில் ஒரு பழைய பாய்ப்படகு: ஆல்பேர்க் 30 திருத்திய விபரம்

கலியாணத்துக்கு வந்த என்வலப் காசை எங்கள் வயதுக்காரர் வீட்டு முற்பணத்தில் போடுவார்கள். நாங்கள் அதிலிருந்து 4,500 டொலரை எடுத்து 1972 இல் கட்டிய ஒரு பாய்ப்படகை வாங்கினோம். மாமி கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என் அப்பா மட்டும் "எத்தனை அடி?" என்று கேட்டார். அவர் வல்வெட்டித்துறைக்காரர். அந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த கதையைச் சோற்றோடு ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். முப்பது அடி என்றதும், "ஓ, வள்ளம்" என்று சொல்லிவிட்டு ரீவியைப் பார்க்கத் தொடங்கினார்.

வள்ளம்தான். ஆனால் திறமான வள்ளம். சுவீடனில் பிறந்த கார்ல் ஆல்பேர்க் என்ற வடிவமைப்பாளர் 1960களின் தொடக்கத்தில் வரைந்தது இது. ஆல்பேர்க் 30 என்று பெயர். கட்டியது விற்பியில், ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் பிக்கறிங், ஏஜாக்ஸ் தாண்டி வரும் ஊர். எழுநூறுக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். கியூபெக்கைச் சேர்ந்த ஈவ் ஜெலினா இதே வகைப் படகில் 1981–83 காலத்தில் தனியாக உலகைச் சுற்றியவர். தென் பசிபிக்கில் பாய்மரம் முறிந்து, நியூசிலாந்துக்குக் கிழக்கே சத்தாம் (Chatham) தீவுகளில் நின்று திருத்திக்கொண்டு மிச்சத் தூரத்தை ஓடி முடித்தார். எங்களுக்கு அப்படி யோசனை ஒன்றும் இல்லை. ஒன்ராறியோ வாவியில் சனி ஞாயிறு ஓடவேண்டும், ஒரு நாளைக்காவது வாவியைக் குறுக்கறுத்து நயாகரா பக்கம் போய் வரவேண்டும், அவ்வளவுதான்.

இந்த வகைதான் வேண்டும் என்று நாங்கள் நின்றதற்குப் பெரிய காரணம் கீல், அதாவது படகு கவிழாமல் அடியில் பாரமாக நிற்கும் பகுதி. பல படகுகளில் கீலைத் தனியாக வார்த்து ஹல் என்கிற படகின் உடம்புக்கு அடியில் போல்ற் போட்டு முடுக்கியிருப்பார்கள். ஐம்பது வருடப் பழைய போல்ற் உள்ளே எப்படி இருக்கிறது என்று வெளியில் நின்று சொல்ல முடியாது. ஆல்பேர்க்கில் அந்தப் பிரச்சினையே இல்லை. கீல் ஹல்லோடு ஒரே வார்ப்பு, அதற்குள் 3,300 இறாத்தல் இரும்பை வைத்து மூடியிருக்கிறார்கள். முழுப் படகும் 9,000 இறாத்தல். நீளத்துக்கு இது நல்ல பாரம். வேகமாக ஓடாது, ஆனால் அலைக்குப் பயப்படாது.

வாங்க முன்னம் படகின் நிலையைச் சோதித்து அறிக்கை தருகிற சர்வேயர் ஒருவரைக் கூப்பிட்டோம். பழைய படகென்றால் அவருடைய அறிக்கை இல்லாமல் காப்புறுதி எடுப்பது கஷ்டம். காப்புறுதி இல்லையென்றால் படகு நிறுத்தும் மரீனாக்கள் இடம் தரத் தயங்கும். அவர் ஒரு சின்ன பிளாஸ்ரிக் சுத்தியலோடு வந்து டெக் என்கிற மேல்தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் டக், டக் என்று சத்தம் கிண்ணென்று வரும். பழுதான இடத்தில் தொப், தொப். கொஞ்ச நேரத்தில் எங்களுக்கே காது பழகிவிட்டது. சர்வேயர் வாய் திறக்க முன்னமே இவர், என் கணவர், என்னைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஹல் நல்லது, டெக்கில் பாய்மரத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஈரப் பகுதி, இடது பக்க நடைபாதையில் இன்னொன்று, பாய்மரத்தைத் தாங்கும் உத்தரம் தொய்ந்திருக்கிறது, அடியில் உள்ள வால்வுகள் மாற்றவேண்டும், எஞ்சின் ஓடுகிறது. இதுதான் அறிக்கையின் சாரம். அந்தத் தாளைக் காட்டித்தான் 6,500 கேட்டவரை 4,500 க்கு இறக்கினோம். சர்வேக்குக் கொடுத்த காசு அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

பழைய படகு வாங்குகிறவர்கள் முதலில் மெத்தை தைப்பார்கள், பெயின்ற் அடிப்பார்கள், புதுப் பெயர் எழுதுவார்கள். படம் எடுத்துப் போட வடிவாக இருக்கும். என் எண்ணத்தில், தண்ணீர் உள்ளே வரும் ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்து முடிக்கும்வரை மெத்தைக் கடைப் பக்கமே போகக்கூடாது. எங்கள் படகில் நாங்கள் செய்த வேலையில் முக்கால்வாசி தண்ணீரோடு பிடித்த சண்டைதான்.

டெக்கை இரண்டு பைபர்கிளாஸ் தோலுக்கு நடுவில் பால்சா மரத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மேல்தோல் எங்கள் படகில் மூன்று மில்லிமீற்றர் அளவு. பால்சாவை நார் நிலைக்குத்தாக நிற்கும்படி சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி அடுக்கியிருப்பார்கள். பாரம் குறைவு, விறைப்பு அதிகம், காலடியில் அசையாது. தண்ணீர் போகாதவரை இதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் டெக் ஓரத்து வேலிக்கால், கயிறு கட்டும் கிளீற், கைப்பிடி என்று எதைப் பூட்டினாலும் இந்த மரத்தைத் துளைத்துத்தான் பூட்டவேண்டும். கட்டின காலத்தில் துளையின் உட்பக்கத்தை அப்படியே பச்சை மரமாக விட்டுவிட்டு மேலே கொஞ்சம் பசை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பசை காய்ந்து வெடித்ததும் மழை உள்ளே இறங்குகிறது. பிறகு ஒன்ராறியோ மாரிகாலம். உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து விரிந்து தோலை மரத்திலிருந்து பிரிக்கிறது. அடுத்த வருடம் அந்த இடைவெளியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர். ஐம்பது மாரி இப்படிப் போனால் எப்படியிருக்கும்?

படகை வாங்கியது ஒக்டோபரில். எல்லாப் படகையும் கிரேனால் தூக்கிக் கரையில் இரும்புத் தாங்கியில் வைத்துவிட்டார்கள். பனி கொட்ட முன்னம் வெட்டித் திறந்து, தார்ப்பாயால் மூடி, மாரி முழுக்கக் காயவிட்டு, வசந்தத்தில் ஒட்டுவது என்று திட்டம். ஒட்டப் பாவிக்கிற எப்பொக்சி, இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பிசின். அதற்குக் குளிர் ஆகாது. நாங்கள் வாங்கினது பத்துப் பாகை செல்சியசுக்குக் கீழே போனால் சரியாக இறுகாது என்று அதன் தாளிலேயே போட்டிருந்தது. அதனால் மாரியில் ஒட்டுகிற கதையே இல்லை.

வெட்டும் கோட்டை எங்கே போடுவது என்பதில் கொஞ்சம் யோசிக்கவேண்டும். டெக்கில் கால் வழுக்காத சொரசொரப்புப் பகுதியும் அதைச் சுற்றி வழவழப்பான ஓரமும் இருக்கும். கோடு சொரசொரப்புக்குள்ளே விழுந்தால், பிறகு அதன் மேல் வழுக்காத பெயின்ற் அடிக்கும்போது ஒட்டின இடம் மறைந்துவிடும். வழவழப்பு ஓரத்தில் வெட்டினால் ஆயுள் முழுக்கத் தழும்பு தெரியும். வட்ட வாளின் ஆழத்தை மேல்தோல் அளவுக்கு மட்டும் வைத்து நேர்கோடுகளை வெட்டினோம். மூலைகளுக்கு அதிரும் கைவாள். கீழ்த்தோலில் வாள் படக்கூடாது. டெக்கின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பது இப்போது அது ஒன்றுதான்.

தோலைக் கிளப்பினோம். உள்ளே இருந்ததை மரம் என்று சொல்ல முடியாது, ஊறின புண்ணாக்கு. கறுத்து, பிழிந்தால் தண்ணீர் வடிகிறது. மணத்தைப் பற்றி எழுதவில்லை. கரண்டியால் வழித்து வாளியில் போட்டோம்.

"எவ்வளவு தூரம் போகுது?"

"இன்னும் ஈரம்தான். வெட்டுங்கோ."

"இப்பிடியே போனா முழு டெக்கும் போயிடும். எங்க நிப்பாட்டுறதெண்டு நீர் சொல்லும்."

நிறுத்தும் இடத்தை மரமே சொல்லும். வெள்ளையாக, காய்ந்து, உளியால் நெம்பினாலும் கீழ்த்தோலை விட்டு வராமல் பிடித்துக்கொண்டிருந்தால் அது நல்ல மரம். அதற்கப்பாலும் ஒரு கைப்பிடி அகலம் எடுத்துவிட்டு நிறுத்தினோம். சர்வேயர் சுண்ணக்கட்டியால் கீறின வட்டத்தைவிட ஒன்றரை மடங்கு போனது. ஈரமானி காட்டுவதைவிட உண்மை எப்போதும் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும் என்று பக்கத்துத் தாங்கியில் வேலை செய்த கிழவர் சொன்னார். அவர் சொன்னது சரி.

ஏப்ரல் கடைசியில் வெயில் வந்ததும் ஒட்டும் வேலை. இதில் நான்தான் மேஸ்திரி. பல் வைத்தியசாலையில் வேலை செய்கிறவளுக்கு இரண்டு பசையை அளந்து கலந்து, இறுகுவதற்குள் இடத்தில் வைப்பது நாளாந்தப் பாடு. எங்கள் எப்பொக்சி ஐந்துக்கு ஒன்று கணக்கு. போத்தல் இரண்டுக்கும் அதற்கேற்ற பம்ப் வரும், இதில் ஒரு அமுக்கு, அதில் ஒரு அமுக்கு. கண்மட்டத்துக்கு ஊற்றினால் என்றைக்குமே இறுகாத பிசின்தான் கிடைக்கும். கலந்ததை ஆழமான கோப்பையில் வைத்திருக்கவும் கூடாது. அது இறுகும்போது தானே சூடாகும், கும்பமாக நின்றால் சூடு வெளியேற வழியில்லாமல் புகையத் தொடங்கும். அகலமான தட்டில் பரப்பி வைத்தால் நேரம் கிடைக்கும்.

முதலில் கீழ்த்தோலுக்கும் புது பால்சாவின் அடிப்பக்கத்துக்கும் தனி எப்பொக்சியைப் பூசவேண்டும். பால்சா நார் முனையால் அதைக் குடிக்கும். குடிக்கவிட்டு இன்னொரு முறை பூசவேண்டும். இதைச் செய்யாமல் நேரடியாகப் பசையில் வைத்தால் மரம் பசையிலுள்ள பிசினை உறிஞ்சிவிட, ஒட்டு வறண்டு போகும். அதற்குப் பிறகு சிலிக்காத் தூள் கலந்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் எடுத்து, பல்லுள்ள கரண்டியால் சீராக இழுத்து, பால்சாவை வைத்து அழுத்தினோம். மேலே பிளாஸ்ரிக் தாள், அதன் மேல் தோட்டத்துக் கொங்கிறீற் கற்கள்.

அடுத்த நாள் வெட்டியெடுத்த பழைய மேல்தோலையே திரும்ப வைத்தோம். அதன் அடிப்பக்கத்தை வெளிச்சம் மினுங்காத அளவுக்கு உரஞ்சி, அசிற்றோனால் துடைத்து, எட்டு அங்குலத்துக்கு ஒன்றாகச் சின்னத் துளைகள் போட்டோம். பசையின் மேல் வைத்து மிதித்தால் ஒவ்வொரு துளையாலும் பிசின் புழுப்போல எழும்பி வரும். எந்தத் துளையால் வரவில்லையோ அதற்கடியில் வெற்றிடம். அந்த இடத்தில் ஊசியால் ஏற்றினோம். இவர் முழங்காலில் நின்று ஒவ்வொரு துளையாகப் பார்த்து "வந்திட்டுது, வந்திட்டுது, இதில இல்லை" என்று சொல்லச் சொல்ல, நான் பின்னால் ஊசியோடு போனேன். முழுத் திருத்தத்திலும் எனக்குப் பிடித்த வேலை இதுதான்.

வெட்டின கோடு இன்னும் வெட்டுக் கோடுதான். அதைச் சேர்க்க, இரண்டு பக்கத்தையும் சரிவாகத் தேய்த்து அந்தப் பள்ளத்தைப் புதுக் கண்ணாடித் துணியால் நிரப்பவேண்டும். சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. மூன்று மில்லிமீற்றர் தோலுக்கு ஒவ்வொரு பக்கமும் 36 மில்லிமீற்றர். பார்க்க அதிகமாகத் தெரியும், சரிவைக் குறைத்துவிடலாம் என்று மனம் சொல்லும். ஒட்டின பரப்புத்தான் பாரத்தைக் கடத்துகிறது, குறைக்கக்கூடாது. இறுகினதும் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். குளிரிலும் ஈரக்காற்றிலும் கூடுதலாக வரும். அதைத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உரஞ்சுதாள் பிடிக்கவேண்டும். கழுவாமல் உரஞ்சினால் அந்த மெழுகை உள்ளே தேய்த்துவிடுவோம், பிறகு பெயின்ற் உரியும்.

பைபர்கிளாஸ் தூசிக்கு ஒரு முகமூடி, எப்பொக்சிக்கும் அசிற்றோனுக்கும் வேறு வடிகட்டி. இதில் காசு பார்க்கவேண்டாம். நீளக்கை உடுப்பைப் போட்டு மணிக்கட்டில் ரேப் சுற்றினாலும் அரிப்பு வரும். சுடுதண்ணீரில் குளிக்காமல் பச்சைத்தண்ணீரில் குளித்தால் கொஞ்சம் அடங்கும்.

மீண்டும் ஒரு சாமானைப் பூட்ட முன்னம், டெக்கிலுள்ள எல்லாத் துளையையும், நல்ல இடத்தில் உள்ளவை உட்பட, பெரிதாகத் துளைத்து, எப்பொக்சியால் நிரப்பி, இறுகின பிறகு அதன் நடுவில் சரியான அளவுத் துளையைப் போட்டோம். இப்போது எந்த ஆணியும் மரத்தைத் தொடாது. பசை ஒரு நாள் கைவிட்டாலும் தண்ணீர் கீழே சொட்டும், மரத்துக்குள் போகாது. பசைக்குப் பதிலாகப் பியூட்டைல் ரேப் என்கிற ஒட்டும் றப்பர் நாடாவைப் பாவித்தோம். அது ஒருபோதும் இறுகாது. ஒரேயடியாக முடுக்காமல் இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு முடுக்கவேண்டும், ஒவ்வொரு தடவையும் விளிம்பால் கொஞ்சம் பிதுங்கி வரும், அதை வெட்டி எடுத்தால் சரி. சலிப்பான வேலை. பொட்காஸ்ற் கேட்டுக்கொண்டு செய்தோம்.

அடுத்தது உத்தரம். ஆல்பேர்க் 30 இல் பாய்மரம் டெக்கின் மேல் நிற்கிறது, கீல் வரை இறங்காது. அதன் முழு அழுத்தமும் டெக்குக்குக் கீழே குறுக்காகப் போகும் உத்தரத்தில் இறங்குகிறது. காலப்போக்கில் அந்த உத்தரம் தொய்வது இந்தப் படகு வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த வருத்தம். அறிகுறி வேடிக்கையானது: பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகளை முடுக்கினால் கழிவறைக் கதவு மூடாது.

எங்கள் படகில் கதவு நன்றாக மூடியது. அதை நம்பி உத்தரம் அவ்வளவு மோசமில்லை என்று நினைத்திருந்தோம். பாய்மரம் இறக்கியிருந்த காலத்தில், கீலுக்கு நேர் மேலே ஒரு தடித்த கட்டையை நிறுத்தி, அதன் மேல் கார் தூக்குகிற போத்தல் ஜக்கை வைத்து, மாலையில் போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினோம். டெக்கில் குறுக்காக நேர்விளிம்பை வைத்துப் பார்த்து, வெளிச்சம் தெரியாமல் வரும்வரை. உயர்த்தி முடித்துப் பார்த்தால் கதவுக்கு மேலே ஒரு விரல் அகலம் இடைவெளி. முன்னம் வைத்திருந்த யாரோ ஒருவர் உத்தரத்தைத் தொடாமல், கதவின் மேல் விளிம்பை வாளால் அரிந்து, வார்னிஷும் அடித்து விட்டிருக்கிறார்! இவர் சிரித்துச் சிரித்துத் தரையில் இருந்துவிட்டார். உத்தரத்தின் இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத உருக்குத் தகடு வைத்து, ஊடுருவிப் போகும் போல்ற்றால் முடுக்கி, ஜக்கை எடுத்தோம். கீழே இறங்கவில்லை. கதவுக்கு மேலே ஒரு மரச்சட்டம் ஒட்டினோம்.

மிச்ச வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடியில் தண்ணீர் உள்ளே வெளியே போகும் இடங்களில் பழைய கேற் வால்வுகள் இருந்தன. ஒன்றின் பிடி திருப்பத் திருப்பச் சும்மா சுற்றியது, மூடியதா திறந்ததா என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் வெண்கலப் பந்து வால்வாக மாற்றினோம். கரையில் மாரிக்கு வைக்கும்போது பந்து வால்வைத் திறந்து விடவேண்டும், மூடினால் பந்துக்குள் அகப்பட்ட தண்ணீர் உறைந்து வால்வை வெடிக்க வைக்கும். மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்று பூட்டும் பலியுலோகம் கடற்படகில் நாகம் (சிங்க்). இது நன்னீர், மக்னீசியம் போடவேண்டும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், பார்த்து எடுக்கவேண்டும்.

எஞ்சின் அற்றோமிக் 4, நாலு சிலிண்டர், பெற்றோலில் ஓடுவது. 1985 வரை செய்தார்கள், இன்றைக்கும் உதிரிப்பாகம் கிடைக்கிறது. காபரேற்றரைக் கழற்றிக் கழுவி, தண்ணீர்ப் பம்பின் றப்பர் சில்லை மாற்றினோம், அவ்வளவுதான். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், படகின் அடியில் போய்ப் படுத்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஸ்ரார்ட் செய்ய முன்னம் காற்றாடியை நாலு நிமிடமாவது ஓடவிடவேண்டும் என்பது கனடாவில் சட்டம். எங்கள் வீட்டில் அது சட்டத்துக்கும் மேலே. நான் மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்லாமல் சாவியைத் தொடக்கூடாது.

பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகளை நாங்கள் தொடவில்லை. அதற்கென்று தொழில் தெரிந்தவரைக் கூப்பிட்டு முழுவதையும் புதிதாகப் போடவைத்தோம். படகுக்குக் கொடுத்த காசில் பெரும்பங்கு அளவு அதற்கே போனது. கம்பி ஒன்று அறுந்தால் பாய்மரமே விழும், அதில் பழகிப் பார்க்க முடியாது. பெரிய முன்பாயின் ஓரத்தில் வெயிலுக்குக் காப்பாகத் தைத்திருந்த துணி நைந்திருந்தது. அம்மா தன் சட்டை தைக்கும் மெசினில் தைத்துத் தாறன் என்று வரவேற்பறை முழுக்கப் பாயை விரித்தா. முதல் மடிப்பிலேயே ஊசி முறிந்தது. பிறகு பழைய துளைகளின் வழியே தடித்த பொலியெஸ்ரர் நூலால் கையால் தைத்தோம். அம்மாவின் பக்கம் தையல் நேராக இருக்கிறது, எங்கள் பக்கம் இல்லை.

யூன் நடுவில் கிரேன் வந்து படகைத் தண்ணீரில் இறக்கியது. வாரை அவிழ்க்க முன்னம் உள்ளே குனிந்து ஒவ்வொரு வால்வாகக் கை வைத்துப் பார்த்தோம். எல்லாம் காய்ந்திருந்தது. சுழலித்தண்டு ஹல்லைக் கடக்கும் இடத்தில் மட்டும் சொட்டியது. அது கொஞ்சம் சொட்டத்தான் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உள்ள கயிற்றுப் பொதி சூடேறும். தண்டு ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று துளி, நிற்கும்போது ஏறக்குறைய இல்லை என்கிற அளவுக்கு முடுக்கிவிட்டோம்.

அப்பா ஸ்காபரோ புளஃப்ஸ் செங்குத்துக் கரை வரைக்கும் ஒரு ஓட்டம் வந்தார். கைப்பிடி எதையும் பிடிக்காமல், டெக்கின் இடது பக்க நடைபாதையில் குதியால் தட்டித் தட்டி முன்னுக்கு நடந்தார். டக், டக்.

"உள்ள என்ன மரம் வைச்சனீங்கள்?"

"பால்சா, அப்பா."

"அது பஞ்சு மரமெல்லோ!"

பொருட்களுக்கு மட்டும் 5,800 டொலர் அளவு போனது, கம்பிக்காரரின் கணக்குத் தனி. அதில் எப்பொக்சியும் கண்ணாடித் துணியும் நினைத்ததைவிடக் கூட, பெயின்ற் நினைத்ததைவிடக் குறைவு. இன்னும் இரண்டு வேலை பாக்கி. பலத்த மழைக்கு வலது பக்கக் கம்பி டெக்கைக் கடக்கும் தகட்டடியில் ஈரம் தெரிகிறது, பாய்மரம் இறங்கின பிறகு ஒக்டோபரில் அதைக் கழற்றித் திரும்பப் பூட்டவேண்டும். மற்றது மெத்தை. மாமிதான் இப்போது துணி மாதிரி பார்த்துக்கொண்டு திரிகிறா.